உள்ளே விட்ட துணி

தமிழில் தையல் என்றால் தைக்கிற வேலை. தையல் என்றால் பெண்ணும்தான். அழகு என்றும் அகராதி சொல்லும். ஔவையின் ஆத்திசூடி இந்தச் சொல்லை வைத்துத்தான் பெண்ணின் பேச்சுக்குக் காதைப் பொத்திக்கொள்ளச் சொல்கிறது. பாரதி அதே சொல்லை எடுத்து அவளை உயர்த்தச் சொன்னார். அவள் கையில் ஊசி இருந்ததா, யாருக்காகத் தைத்துக்கொண்டிருந்தாள் என்று இருவருமே கேட்கவில்லை. ஒரு பெண் தனக்காக, தன்னுடைய ஒரு நல்ல நாளுக்காக, தானே உடை செய்துகொள்கிற இடம் நம் இலக்கியத்தில் எங்கே இருக்கிறது என்பது என் கேள்வி.

துணி வேலை செய்யும் பெண்கள் இல்லாமல் இல்லை. புறநானூறு 326இல் பருத்திப் பெண்டு இரவில் எழுந்து சிறுவிளக்கு வெளிச்சத்தில் வேலை பார்க்கிறாள். நற்றிணை 353இல் கபிலர் மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை தேடுகிறார். ஆண் துணையில்லாத பெண்கள் உழைத்து நூற்ற மெல்லிய நூல் அவருக்குக் கிடைக்கிறது. அழகான உவமைதான். ஆனால் மேகம் மேலே போய்விடுகிறது, பெண்கள் உவமைக்குள்ளேயே தங்கிவிடுகிறார்கள். அந்த நூல் யாருடைய உடையானது என்பது பாட்டின் கவலையில்லை.

தழையாடைக்கு வந்தால், பல அகப்பாடல்களில் அது தலைவன் கொண்டுவரும் கையுறை. வாங்குவதா மறுப்பதா என்று தோழி பேசுவாள். குறிஞ்சிப்பாட்டு கொஞ்சம் வேறு மாதிரி. பெண்கள் அருவியில் ஆடி, பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்து, தழையுடுத்தி, தலையில் பூச்சூடி உட்கார்கிறார்கள். அந்த நீண்ட பூப்பட்டியலை மனப்பாடம் செய்யவைக்கிற நாம், அது உடைக்கும் அலங்காரத்துக்கும் திரட்டிய பொருள் என்பதை வகுப்பில் சொல்வதே இல்லை. அங்கேயும் அடுத்த காட்சியில் தலைவன் நாய்களோடு வந்துவிடுகிறான். தழையைப் பற்றிய மிகக் கசப்பான பாட்டு புறநானூறு 248, ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. இளமையில் தழையாகிய ஆம்பல், கணவன் இறந்தபின் வேளை தவறி உண்ணும் அரிசியாகிறது. அவளுடைய உடையின் வரலாறு அவனுடைய ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது.

இன்றைய அரசாணையும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் விண்ணப்பிக்கக்கூடியவர்கள் விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், நலிவுற்ற பெண்கள். வயது 20 முதல் 40. அந்த இயந்திரம் பல வீடுகளில் அடுப்பை எரியவைத்திருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் நற்றிணையின் ஆணில்லாப் பெண்கள் நூற்றார்கள், நம் காலத்தவர்கள் தைக்கிறார்கள், இருவரும் பிறருக்காக. (சத்தியவாணி முத்து 1974இல் தி.மு.க.வை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோருக்காகத் தனிக் கட்சி கண்டவர். அவர் பெயர் ஒரு தையல் இயந்திரத்தின்மேல் வந்து உட்கார்ந்தது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.)

பெண்ணியம் ஊசியைப் பார்க்காமல் இல்லை. ரோஸிக்கா பார்க்கர் 1984இல் வெளியிட்ட 'த சப்வர்சிவ் ஸ்டிச்', பெண்ணைப் பெண்ணாக வளர்த்தெடுத்த எம்பிராய்டரியே அவளுடைய எதிர்ப்புக்கும் கருவியானதைக் காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். ஆனால் பூவேலை துணியின் மேல்பக்கம் தெரிவது. நான் பார்க்க விரும்புவது உள்பக்கத்தை.

மேல்விஷாரத்தில் நோன்புப் பெருநாளுக்குப் பல நாள் முன்பே டெய்லர் கடைகளில் 'ஆர்டர் க்ளோஸ்' என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். அந்தக் கடைகளுக்குப் பெண்கள் போய் நின்று அளவு கொடுப்பது வழக்கமில்லை. தம்பி கையிலோ வாப்பா கையிலோ அளவுச் சட்டை போகும். அதாவது டெய்லர் அளப்பது பெண்ணை அல்ல, போன வருடத்துச் சட்டையை. பதினாறு வயது உடம்பைப் பதினைந்தின் அளவில் தைத்துக்கொடுப்பார். கைக்குழி இறுக்கினால் இவள்தான் தடித்துவிட்டாள்.

என் மாணவி ஒருத்தி இந்த முறை தன் பெருநாள் சுடிதாரைத் தானே தைத்தாள். தையல் கிளாஸில் ஆறு மாதம் படித்தவள். அவள் அதுவரை தைத்ததெல்லாம் அக்கா பிள்ளைகளுக்கு. அவளுடைய அம்மா வீட்டிலிருந்தே ஷூ அப்பர் தைக்கிறவர். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆயிரம் வீடுகளில் நடக்கிற வேலை, கூலி ஜோடிக் கணக்கு. தோலில் தைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் கையிலேயே ஊறியிருக்கும்: ஊசி போட்ட ஓட்டை மூடாது. தப்பாகத் தைத்தால் பிரித்தும் பயனில்லை, தோல் வீண். துணி அப்படியல்ல, பிரித்துத் தைக்கலாம். அதனால்தான் நம் ஜாக்கெட்டுகளிலும் சுடிதார்களிலும் பக்கவாட்டில் இரண்டு மூன்று வரித் தையல் ஓடுகிறது. உள்ளே இரண்டு விரல் துணி விட்டு, உடம்பு பெருக்கப் பெருக்க ஒவ்வொரு வரியாகப் பிரித்துவிடுவோம். முதல் வரி கல்யாணம், அடுத்தது பிள்ளைப்பேறு. ஒரு பெண்ணின் எதிர்காலத்தை ஊரே கூடி எழுதிவைத்திருக்கிற இடம் அவள் சட்டையின் உள்பக்கம். இதை நான் பிரதி என்றுதான் வாசிப்பேன்.

அவள் அரை அங்குலம் மட்டும் விட்டு ஒட்ட வெட்டிவிட்டாள். அம்மா சத்தம் போட்டாராம். "கல்யாணத்துக்கப்புறம் பிரிச்சுவிடத் துணி வேணாமாடி?"

"இது இந்தப் பெருநாளைக்கும்மா" என்றாளாம் இவள்.

அம்மாவின் கணக்கைச் சிக்கனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஜோடிக் கூலியில் வாழ்கிறவருக்கு ஒரு சட்டை நான்கு வருடம் ஓடவேண்டும். உள்ளே விடுகிற துணி அவருக்குச் சேமிப்பு. மகளுக்கு அதே துணி, இன்னும் யாரென்றே தெரியாத ஒருவனுக்காக இப்போதே ஒதுக்கிவைக்கும் இடம். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடைகளில் ரெடிமேட் சுடிதார் குவிந்து கிடக்கிற காலத்தில், தானே தைப்பது மலிவு என்ற வாதமும் முன்போல நிற்காது. லைனிங், ஜிப், ஓவர்லாக் கூலி எல்லாம் கூட்டினால் ரெடிமேடைவிட அதிகம் வந்தது என்று அவளே கணக்குக் காட்டினாள். அவளுக்கு மிஞ்சியது வேறொன்று. டேப்பைத் தன் மார்பைச் சுற்றிப் பிடித்து, கிடைத்த எண்ணைத் தன் கையால் எழுதினாள். ஒரு அண்ணனும் அதைச் சுமந்து போகவில்லை, ஒரு டெய்லரும் நோட்டில் குறிக்கவில்லை.

தோள் அகலத்தை மட்டும் தனியாக அளக்க முடியாது, கை எட்டாது. சண்டைக்குப் பிறகு அம்மாதான் அப்பர் கூடையைத் தள்ளிவைத்துவிட்டு வந்து டேப்பைப் பிடித்தாராம். பதினாலு என்றாராம். இவள் பதினாலரை என்று எழுதிக்கொண்டாள்; கையை உயர்த்தும்போது பிடிக்கக்கூடாதல்லவா.