யாருக்குக் கொடுத்த வாக்கு?

சட்டசபை விவாதங்களை நான் நாவல் படிக்கிற மாதிரிதான் படிப்பது வழக்கம். யார் என்ன பேசினார் என்பதோடு, யாரைப் பேசவே விடவில்லை என்பதையும் கவனிப்பேன். சீனத் தொழிலாளரைத் தடுப்பது பற்றி 1879 முதல் 1882 வரை அமெரிக்கக் காங்கிரஸில் நடந்த விவாதத்தை அப்படிப் படித்தபோது, நல்லவர்கள் தரப்பிலேயே ஒரு குறை தெரிந்தது.

1868-ல் பர்லிங்கேம் உடன்படிக்கை ஏற்பட்டது. ஊர்விட்டு ஊர் பெயர்ந்து வாழ்வது மனிதனின் பிறப்புரிமை என்று இரு அரசுகளும் அதில் ஒப்புக்கொண்டன. மறு வருஷமே கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிந்தது. அதில் உழைத்த ஆயிரக்கணக்கான சீனர்கள் வேறு வேலை தேடினார்கள். 1873-க்குப் பின் தொழில் மந்தம். கூலி குறைகிறதே என்று கலிபோர்னியாவின் வெள்ளைத் தொழிலாளிகள் கொதித்தார்கள். அந்தப் பயம் முழுப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறைந்த கூலி கொடுத்தவனை விட்டுவிட்டு, வாங்கியவன் மேல் பாய்ந்தார்கள்.

ஒரு கப்பலில் 15 சீனருக்கு மேல் வரக்கூடாது என்று 1879-ல் காங்கிரஸ் மசோதா நிறைவேற்றிற்று. இது உடன்படிக்கைக்கு விரோதம் என்று ஜனாதிபதி ஹேஸ் திருப்பி அனுப்பினார். நேர்மையான காரியம். ஆனால் அவரே பிறகு பீக்கிங்குக்குத் தூதர்களை அனுப்பி, 1880-ல் உடன்படிக்கையை மாற்றி வாங்கினார். தொழிலாளர் வருகையைக் கட்டுப்படுத்தலாம், நிறுத்தி வைக்கலாம். அடியோடு தடுக்க மட்டும் கூடாது. செய்வது நியாயமான அளவில் இருக்கவேண்டும் என்பது புதிய வாசகம்.

1882-ல் 20 வருஷத் தடை வந்தது. அது ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், நியாயமான அளவல்ல என்று ஜனாதிபதி ஆர்தர் மறுத்தார். காங்கிரஸ் 20-ஐ 10 ஆக்கிற்று. மே 6-ந் தேதி அவர் கையெழுத்திட்டார்.

எனக்கு உறுத்துவது இந்த இடந்தான். இருவரும் காத்தது தங்கள் நாட்டின் வாக்கை. வாக்கின் வாசகம் மாறியதும் காப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வாக்கை நம்பிக் கப்பலேறிய மனிதன் அவர்கள் வாதத்தின் மையத்தில் இல்லை. மாசசூசெட்ஸ் செனட்டர் ஜார்ஜ் ஹோர் ஒருவர் வேறு மாதிரி பேசினார். இனத்தைப் பார்த்து மனிதனைத் தள்ளுவது சுதந்திரப் பிரகடனத்துக்கே துரோகம் என்றார். கலிபோர்னியாவில் வாழாதவருக்கு அப்படிப் பேசுவது சுலபம் என்று சொல்லலாம். இருந்தாலும், உடன்படிக்கை மாறினாலும் மாறாமல் நிற்கக்கூடிய வாதம் அதுதான்.

சே சான் பிங் என்ற தொழிலாளி 12 வருஷம் சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்தார். திரும்பி வரலாம் என்ற அரசாங்கச் சான்றிதழுடன் 1887-ல் ஊருக்குப் போனார். 1888-ல் அவர் திரும்பிக்கொண்டிருக்கையில், கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே, அந்தச் சான்றிதழ்கள் செல்லாது என்று புதுச் சட்டம் வந்துவிட்டது. உடன்படிக்கைக்கு முரணானாலும் பிந்திய சட்டமே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1889-ல் தீர்ப்பளித்தது. 10 வருஷத் தடை நீண்டு நீண்டு 1943-ல்தான் நீங்கிற்று; அப்போதும் வருஷத்துக்கு 105 பேருக்குத்தான் இடம்.

சீனச் சக்கரவர்த்திக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி அத்தனை பேர் பேசினார்கள். சே சான் பிங்கின் சட்டைப்பையில் இருந்த காகிதமும் ஒரு வாக்குத்தானே?