பட்டிமன்ற நடுவரும் ஆண் பெண் வழக்கும்

ஆண் பெண் உறவைப் பற்றிய கருத்து மோதலைப் பொது மேடையில் பகையின்றி நடத்திக் காட்டத் தமிழர்க்கு வாய்த்த கருவி பட்டிமன்றமாகும். சமயவாதிகள் ஏறி வாதிட்ட பட்டிமண்டபம் மணிமேகலையில் குறிப்பிடப்படுகிறது. பிற்காலத்தில் கம்பன் கழக மேடைகளில் குன்றக்குடி அடிகளார் முதலானோர் நடுவராக வீற்றிருந்து காப்பியப் பாத்திரங்களை எடைபோட்டனர். அவ்வடிவம், மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்து 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற சாலமன் பாப்பையாவின் கையில், காப்பியத்தை விட்டிறங்கிக் கணவனா மனைவியா, மகனா மகளா என்று வீட்டுக்குள் நுழைந்தது.

நடுவர் என்பவர் இறுதியில் தீர்ப்புச் சொல்பவர் என்றே பலரும் கருதினாலும், அவருடைய உண்மையான பணி இரு பேச்சுகளுக்கு இடைப்பட்ட சில நிமிடங்களில்தான் நிகழ்கிறது. ஒருவர் பேசி அமர்ந்ததும், அவர் வாதத்தைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, அதன் வலுவை ஒப்புக்கொண்டு, மதுரைப் பேச்சு வழக்கில் ஒரு கேலியால் சூட்டைத் தணித்து, எதிரணிக்கு ஒரு வினாவைத் தூக்கிப் போடுகிறார். இதனால் சினம் ஆளைவிட்டு வாதத்தின்மேல் திரும்புகிறது. மாமியாரும் மருமகளும் ஒரே பந்தலில் அமர்ந்து ஒருவரையொருவர் பற்றிய குறைகளைக் கேட்டுச் சிரிக்க முடிவதும், பாரதி பாஸ்கர் போன்ற பெண் பேச்சாளர்கள் ஆண்களுக்குச் சமமாக நின்று மறுமொழி கூற முடிவதும் எளிய பேறுகள் அல்ல. பேச்சாளர் எந்த அணியில் பேசுகிறார் என்பது பெரும்பாலும் ஒதுக்கீட்டால் அமைவதால், இன்றைய எதிரணியினர் நாளை ஓரணியினர் ஆவர். பகை மூளாததற்கு இதுவும் காரணம். ஆனால் எவரும் தம் சொந்த நிலைப்பாட்டைப் பணயம் வைக்காத வாதத்தில் எவரும் எதையும் இழப்பதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பெற்றோரைப் பேணுவது மகனா மகளா என்னும் தலைப்பை எடுத்துக்கொள்வோர் அன்பையும் கஞ்சியையும் மருத்துவமனைக் காவலையும் விரிவாகப் பேசுகின்றனர். சொத்தைப் பெரும்பாலும் தொடுவதில்லை. 1989 மார்ச் 25-ஆம் நாளுக்கு முன் மணமாகாத மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பிறப்புரிமையைத் தமிழ்நாட்டுச் சட்டம் வழங்கியது. 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த மணக் கட்டுப்பாடின்றி மகள்களுக்கு அவ்வுரிமையை அளித்தது. பாகப்பிரிவினை என்ற சொல் மேடையில் எழுந்தால் சிரிப்பு அடங்கிவிடும், ஏனெனில் கேட்போருள் சிலருக்கு அது நடப்பு வழக்கு. அங்கே நகைச்சுவை நெருப்பை அணைப்பதோடு விளக்கையும் அணைத்துவிடுகிறது. இருவரும் தேவை என்று முடியும் தீர்ப்பு நேர்மையானதாகத் தோன்றினும், முன்பே தாழ்ந்த தட்டைத் தாழ்ந்தபடியே விட்டுவிடுகிறது. மனைவியைப் பழித்துக் கைதட்டல் வாங்கும் துணுக்குகளை நடுவரே ரசித்துக் காட்டும்போது அவர் நடுவில் இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை தலைப்பில் உள்ளது. 2019 ஏப்ரல் 22 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தது. அதே மதுரையின் பந்தல்களில் ஆணா பெண்ணா என்று கேட்கும் தலைப்பில் திருநங்கைக்கு எந்த அணியிலும் நாற்காலி இல்லை. மேடைக்கே வராத வழக்கில் எத்துணைத் திறமையான நடுவரும் நடுவராக இருக்க இயலாது.

தலைப்பை நடுவர் மட்டுமே முடிவு செய்வதில்லை. அழைக்கும் விழாக் குழுவுக்கும் அதில் பங்குண்டு. மதுரையின் விளாங்குடி போன்ற பகுதிகளில் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் ஏற்பாடு செய்வோர், பேச்சாளர்க்கு முன்பணம் கொடுக்குமுன், மகளுக்குரிய பாகத்தைத் தடுப்பது சட்டமா வழக்கமா என்றொரு தலைப்பை ஓராண்டேனும் வைத்துப் பார்க்கலாம்.