எழுவாய் இல்லா வாக்கியங்கள்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட செட்டிபாளையத்தில், வைகாசித் திங்களிற் கண்ணகை அம்மன் கோயிற் கதவு திறக்கும். இப்பிரதேசத்துக் கண்ணகை கோயில்களில் அக்காலத்துப் படிக்கப்பெறும் கண்ணகி வழக்குரையைப் பத்தி இலக்கியமாகவே நாம் பெரும்பாலும் ஆராய்கின்றோம். அதனைக் கணக்குக் கேட்கும் இலக்கியமாகவும் நோக்கலாம். ஒரு பெண் வினவுகின்றாள். விடை கூறவேண்டியவன் அரசன். பொற்கொல்லன்மேலோ காவலர்மேலோ பழியைச் சுமத்திவிட்டு அவன் தப்பியிருக்கலாம். இளங்கோவின் பாண்டியனோ தன்மை ஒருமையிற் குற்றத்தை ஏற்கின்றான்.

நமது அரசாங்க அறிக்கைகளின் உரைநடை வேறு வகையினது. ‘தீர்மானிக்கப்பட்டது’, ‘செலவிடப்பட்டது’, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது’ என எல்லாம் செயப்பாட்டுவினை. தொல்காப்பியர் தொழில் முதனிலைகளை எட்டாக வகுத்தார்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயனாக. மத்தள விமான நிலையத்தை இவ்வாய்பாட்டில் இட்டுப் பார்ப்போம். நிலம், அம்பாந்தோட்டை மாவட்டம். காலம், திறப்புவிழா நடந்த 2013 மார்ச். கருவி, ஏறத்தாழ 209 மில்லியன் டொலர். அதில் 190 மில்லியன் சீன எக்சிம் வங்கிக் கடன். பயன்? 2015இல் அங்குள்ள கட்டடங்களில் நெல் களஞ்சியப்படுத்தப்பட்டது. ‘செய்வது’ என்னும் நிலைதான் வெறுமையாயுள்ளது. அதன் பெயர்ப்பலகையில் மாத்திரம் ராஜபக்ச என்ற பெயர் குறைவின்றித் துலங்குகின்றது!

கணக்காய்வு இங்கு இல்லாமலில்லை. கணக்காய்வாளர் தலைமை அதிபதி எழுதுகின்றார். 1979இல் தோன்றிய ‘கோப்’ குழு விசாரிக்கின்றது. அதன் விதப்புரைக்கோ கட்டுப்படுத்தும் வலுவில்லை. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், இழப்புக்குப் பொறுப்பானவரிடம் மிகைக்கட்டணம் அறவிட இடமளித்தது. ஆயினும் அதனை விதிக்கவேண்டியவராக 2018இல் அச்சட்டம் குறித்தது பிரதான கணக்கீட்டு உத்தியோகத்தரை, அதாவது பெரும்பாலும் அவ்வமைச்சின் செயலாளரையே. இதனை நான் சட்டத்தின் ஊனமென்றே கருதுகின்றேன்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தமுடியாதென ‘அறிவிக்கப்பட்டது’. எழுவாயை எழுதியது உயர் நீதிமன்றம். 2023 நவம்பர் 14ஆந் திகதி, கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடி தொடர்பிற் பொதுமக்கள் நம்பிக்கைப் பொறுப்பை மீறினரெனப் பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா வீதம் செலுத்துமாறும் கட்டளையிடப்பட்டது. ஒன்றரை மாதத்தில், 2024 ஜனவரி முதலாந் திகதி, பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. செட்டிபாளையத்து வாவியில் வலை வீசுபவரும் தாம் வாங்கும் பொருளின் விலையோடு அதனைச் செலுத்துகின்றார்.