போகாத பொழுது

நாலைந்து வருடம் முன்பு ஆச்சியைப் பற்றிச் சின்னதாக ஒரு குறிப்பு எழுதினேன். பாபநாசம் வீட்டுப் பின்திண்ணை, பங்குனி வெயில், தூரத்தில் மில் சங்கு. ஆச்சி மடியில் உருண்டைத் தலையணையை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னிக்கொண்டிருப்பாள். உதடு மட்டும் அசையும். பின்னல் கணக்கா ஜெபமா என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. ‘ஆச்சியின் பொழுதுபோக்கு’ என்று தலைப்பு வைத்தேன். நண்பர்கள் நெகிழ்ந்தார்கள். பெரியம்மா மகள் அக்கா மட்டும் போன் செய்தாள்.

“ஏலே, அது பொழுதுபோக்கா? அஞ்சாங் கிளாஸோட வீட்டுல இருத்திட்டாங்க. பொழுது போகாம பின்னிக்கிட்டு இருந்திருக்கா. நீ பாட்டுக்குக் கவிதை மாதிரி எழுதுத.”

அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ நாவலை இரண்டாவது முறை படித்தபோதுதான் அவள் சொன்னது முழுசாகப் புரிந்தது. இந்தத் தபசு காலத்தில் மூன்றாம் முறையாகப் படித்து முடித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

1

‘புத்தம் வீடு’ 1964-இல் வெளிவந்தது. ஹெப்சிபா 1925-இல் பர்மாவில் பிறந்தவர், ஆங்கிலப் பேராசிரியர். கணவர் சி. ஜேசுதாசனுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர். அவ்வளவு படித்தவர் எழுதிய முதல் நாவலில் படிப்பின் பாரம் துளியும் இல்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். கதை சொல்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, லேசான கிண்டலோடு பேசுவது போலவே போகிறது. பாத்திரங்கள் பேசுவது குமரி மாவட்டத் தமிழ்.

கதை எளியது. பனைவிளை என்ற ஊரில் ‘புத்தம் வீடு’ என்று பெயர்கொண்ட பழைய வீடு. செல்வாக்கு போய்விட்டது, பெருமை போகவில்லை. பேத்தி மேல் உயிரையே வைத்திருக்கும் கண்ணப்பச்சி என்ற கிழவர், குடிகாரத் தகப்பன், நடுவில் லிஸி. பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். அவள் மனம் பனையேறிக் குடும்பத்துத் தங்கராஜிடம் போகிறது. இருவரும் ஒரே சாதி, ஒரே வேதம். ஆனால் ஒருவர் பனைக்குச் சொந்தக்காரர், இன்னொருவர் அதில் ஏறுகிறவர். அந்த இடைவெளியைச் சபையால்கூட நிரப்ப முடிவதில்லை.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வட்டார வழக்கு, பனையேறிகளின் வாழ்க்கை, மென்மையான காதல் என்று சொல்வார்கள். எல்லாம் சரிதான். கிறிஸ்தவத்தைப் ‘பின்னணி’ என்று சொல்லும்போது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அது வெறும் பின்னணியாக இருந்தால் லிஸியின் பொறுமைக்குக் காரணம் சொல்ல முடியாது.

2

எங்கள் ஜில்லாவிலேயே ஒப்பிட ஒரு நூல் இருக்கிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’. ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையைக் கம்பனின் மொழிவாகில் விருத்தங்களாக்கிய காவியம். பனியனின் கதையில் விசுவாசம் என்றால் புறப்படுவது. நாசபுரியை விட்டு, மனைவி மக்களை விட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான் பயணி. வழியில் என்ன வந்தாலும் பாதை என்று ஒன்று காலடியில் இருக்கிறது.

லிஸிக்குப் பாதை கிடையாது. வாசல்தான் உண்டு. யாத்திரை போக முடியாதவளின் விசுவாசம் எப்படி இருக்கும்? ‘புத்தம் வீடு’ கேட்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். நாவல் இதை வெளிப்படையாகக் கேட்கவில்லை. ஆனால் லிஸி எதையும் உடைக்காமல், எவரையும் வெறுக்காமல், தான் நினைத்ததையும் விடாமல் இருப்பதைப் பார்க்கும்போது, அவளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று நமக்கே கேட்கத் தோன்றும். அந்த வீட்டிலிருந்துதான் வந்தது. கூடவே அவளை உள்ளே வைத்ததும் அதே வீடுதான். ஒரே கை ஜெபிக்கவும் கற்றுக்கொடுக்கிறது, தாழ்ப்பாளும் போடுகிறது.

ஆச்சியின் லேஸிலும் இது இருந்தது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது பின்னலும் கூடவே வந்தது. அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அதே பின்னல் இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகு, வாசல் தாண்டாமல் இருக்கும் பெண்ணுக்கு ஏற்ற வேலையாகிவிட்டது. இடையன்குடிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்த ஆச்சியிடம் மிஞ்சியது இந்த இரண்டாவதுதான்.

3

‘புத்தம் வீடு’ ஆங்கிலத்தில் ‘லிஸிஸ் லெகஸி’ என்ற பெயரில் வந்திருக்கிறது. ‘லெகஸி’ என்றால் எங்கள் தொழிலில் வேறு அர்த்தம். யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய நிரல். ஏன் அப்படி எழுதினார்கள் என்று கேட்க ஆள் இல்லை. ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கை வைக்க எல்லோருக்கும் பயம்.

எங்கள் வீட்டிலும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. 2006-இல் அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. வீட்டில் மூன்று நாள் ஜெபித்தார்கள். யாரும் அதட்டவில்லை, அழவில்லை. மூன்றாம் நாள் இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் மாமா, “ஆண்டவருக்குச் சித்தம் இல்லம்மா” என்றார். அக்கா சரி என்றாள். இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெங்களூரில் வேலை வந்தது. அதே அறை, அதே பாய், அதே மாமா. தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். எனக்குச் சித்தம் உண்டா என்று யாருமே ஜெபித்துப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த வித்தியாசம் என் கண்ணில் பட எனக்கு ஒரு நாவல் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இங்கே நாவலோடும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பிற்பகுதியில் ஒரு கொலை நடக்கிறது, பழி தங்கராஜ் மேல் விழுகிறது. செய்தது யார் என்று சொல்லப்போவதில்லை. அதுவரை சின்னச் சின்ன அசைவுகளால் நகர்ந்த கதை திடீரென்று வேகமெடுக்கிறது. கடைசியில் லிஸிக்கு அவள் விரும்பியது கிடைக்கிறது. ஆனால் அந்த வீட்டுக் கதவு திறக்க ஒரு கொலையும் வழக்கும் வேண்டியிருக்கிறது. அது நடக்கவில்லை என்றால் லிஸி என்ன செய்திருப்பாள்? இந்த இடத்தை ஹெப்சிபா தொடவில்லை. பெரும்பாலான வீடுகளில் கொலை எதுவும் நடப்பதில்லை. ஜெபம் மட்டும்தான் நடக்கிறது.

இருந்தாலும் நாவல் பொய் சொல்லவில்லை. கண்ணப்பச்சியை வில்லனாக்கியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! இவர் அந்தக் கிழவரை நேசிக்கிறார், நம்மையும் நேசிக்க வைக்கிறார். அன்புள்ளவர்கள் செய்யும் அநியாயத்தை அவர்கள் மேல் கோபமே இல்லாமல் எழுதுவது எனக்குத் தெரிந்து மிகக் கடினமான காரியம். என் மாமாவைப் பற்றி மேலே எழுதிய நாலு வரியிலேயே என்னால் முடியவில்லை.

4

இந்த வருடம் குருத்தோலை ஞாயிறுக்குப் பாபநாசம் போயிருந்தேன். ஆற்றில் தண்ணீர் குறைந்து பாறைகள் தெரிந்தன. இது அக்கானி இறங்கும் பருவம். பனையேறி காலையும் மாலையும் ஏறி, பாளை சீவி, கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார். சபையில் எல்லோர் கையிலும் ஓலைச் சிலுவை. யாரோ ஏறி வெட்டாமல் அந்தக் குருத்து கீழே வராது என்று அன்றைக்குத்தான் தோன்றியது. பனையேறியின் ஓலை வேண்டும், பனையேறி மருமகனாக வேண்டாம் என்ற ஊரைப் பற்றித்தானே இந்த நாவல்.

மதியம் அக்காவிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். இப்போது உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி படித்துவிட்டாள்.

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லா இருக்கு. இந்தப் பிள்ளை மேலதான் எனக்கு எரிச்சலா வருது. எவ்வளவு பொறுமை!”

கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நானும் அப்படித்தான இருந்தேன், என்ன?”

உள்ளே மாமா ஜெபத்துக்குக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, குரல் நடுங்குகிறது. அக்கா பக்கத்தை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போய் அவர் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தாள். நானும் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். புத்தகம் அவளிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை.