புயலுக்கு முன்னும் பின்னும்: ஹர்ஸ்டனின் நாவல் பற்றி ஒரு நோக்கு

இயற்கையின் சீற்றம் எல்லார்க்கும் பொது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காற்றுக்கு நிறம் தெரியாது. வெள்ளம் செல்வரென்றும் வறியரென்றும் பார்ப்பதில்லை என்கிறோம். ஆயின், மேட்டில் வீடு கட்டியவர் யார், பள்ளத்தில் குடிவைக்கப்பட்டவர் யார் என்று கேட்ட அளவிலேயே அந்தக் கூற்று தளர்ந்துவிடுகிறது.

இக்கேள்வியை மேடை முழக்கமாக அன்றிக் கதையாகவே எழுப்பிய நாவல் ஒன்று உண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1937-இல் வெளியிட்ட ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ என்பதே அது. ‘அவர்களின் கண்கள் கடவுளை நோக்கியிருந்தன’ என்பது அத்தலைப்பின் பொருள். ஜேனி என்னும் பெண்ணின் மூன்று மணவாழ்வுகளைக் கூறும் நாவல் இது. மூன்றாம் கணவன் டீ கேக்குடன் அவள் புளோரிடா மாநிலத்து ஓக்கிச்சோபி ஏரிக்கரைக்கு அவரை பறிக்கும் கூலி வேலைக்குச் செல்கிறாள். அங்கே புயல் வருகிறது.

அப்புயல் கற்பனையன்று. 1928 செப்டம்பர் 16-ஆம் நாள் புளோரிடாக் கரையைக் கடந்தது. ஏரியின் தென்கரை முன்னர்ச் சதுப்பு நிலம். நீரை வடித்து விளைநிலமாக்கியிருந்தனர். ஏரிக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே இருந்தது தாழ்ந்த மண்கரை ஒன்றே. இரவில் காற்று ஏரி நீரைத் தெற்கே தள்ளிற்று, கரை உடைந்தது. குறைந்தது 2,500 பேர் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் கறுப்பினப் பண்ணைத் தொழிலாளர்.

ஹர்ஸ்டனின் திறம் புயலை வருணிக்கும் இடத்தில் விளங்குகிறது என்பர் பலர். என் கருத்தில், அது புயலுக்கு முந்திய பக்கங்களில்தான் மிகுதியாக விளங்குகிறது. செமினோல் பழங்குடியினர் கூட்டங்கூட்டமாகக் கிழக்கே நடந்து செல்கின்றனர். புல் பூத்துவிட்டது, புயல் வரும் என்கின்றனர். விலங்குகளும் இடம்பெயர்கின்றன. பகாமாத் தீவைச் சேர்ந்த நண்பன் ஒருவன், தன் காரில் இடமிருக்கிறது, வாருங்கள் என அழைக்கிறான். டீ கேக் மறுத்துவிடுகிறான். ஏன்? அவரைக்கு நல்ல கூலி கிடைக்கிறது. வெள்ளையர் எவரும் புறப்படவில்லை. செமினோல்களுக்கு அறிவிருந்தால் நாடு அவர்களிடமே இருந்திருக்குமே என்பது அவன் வாதம்.

மாணவர்கள் இவ்விடத்தை இருமுறை படித்தல் நன்று. ஒடுக்கப்பட்ட ஒருவன் தன்னினும் ஒடுக்கப்பட்டவனின் அறிவை எள்ளுகிறான். அதற்குரிய அளவுகோலைத் தன்னை ஒடுக்கியவனிடமிருந்தே பெறுகிறான். மாளிகைகள் அஞ்சவில்லை, குடிசைகள் அஞ்சுவானேன் என்னும் மனநிலை இது. ஆசிரியர் இங்கே ஆங்கிலத்தில் மக்களைக் குறிக்கும் இரு சொற்களைப் பிரித்தாள்கிறார். குடிசைவாசிகளை ‘ஃபோக்ஸ்’ என்றும் மாளிகைவாசிகளை ‘பீப்பிள்’ என்றும் சுட்டி, முன்னவர் சிந்திக்கும் பொறுப்பைப் பின்னவரிடம் விட்டுவிட்டனர் என்கிறார். மொழிபெயர்ப்பில் எளிதில் நழுவிவிடக்கூடிய நுட்பம் இது. யார் எச்சரிக்கை செவியேறும், யார் எச்சரிக்கை நகைப்புக்குரியதாகும் என்பதை இனமும் கூலியும் காற்றெழுமுன்னரே முடிவு செய்துவிட்டன.

பின்னர், ஓடிக் களைத்தவர்கள் உயர்ந்த பாலம் ஒன்றை அடைகின்றனர். அதை வெள்ளையர் முன்னரே நிறைத்திருக்கின்றனர்; இடமில்லை. இதற்கு ஆசிரியர் ஓரிரு வரிகளுக்கு மேல் செலவிடவில்லை. கதைமாந்தரும் வியக்கவில்லை, நடையைத் தொடர்கின்றனர். அந்த வியப்பின்மையே நெஞ்சைச் சுடுகிறது.

புயல் ஓய்ந்தபின் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் டீ கேக்கைப் பிடித்துப் பிணம் புதைக்கும் வேலையில் தள்ளுகின்றனர். வெள்ளையர் உடல்களுக்கு மட்டும் பெட்டி. மற்றவர்க்குச் சுண்ணாம்புத்தூளும் பொதுக்குழியும். தோலின் நிறம் தெரியாதவாறு உடல் அழுகியிருந்தால் மயிரைப் பார்த்து இனம் பிரிக்க வேண்டும் என்பது கட்டளை. இறந்தவர்களை இவ்வளவு கவனமாகப் பிரித்தனுப்புவதைப் பார்த்தால், இவர்களின் நிறப்பிரிவினைச் சட்டம் கடவுளுக்குத் தெரியாதென அஞ்சுகிறார்கள் போலும் என டீ கேக் எள்ளலாகப் பேசுகிறான். இது மிகைப்படுத்திய புனைவோ என ஐயுறுவார்க்கு வரலாறு விடை தருகிறது. வெஸ்ட் பாம் பீச் நகரில் 674 கறுப்பினத்தார் ஒரே குழியில் இடப்பட்டனர். உட்லான் இடுகாட்டில் புதைக்கப்பட்ட 69 பேர் பெரும்பாலும் வெள்ளையர். அந்தப் பெருங்குழி நெடுங்காலம் அடையாளமின்றிக் கிடந்தது; 2002-இல்தான் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் ஏறியது. (ஹர்ஸ்டனும் 1960-இல் வறுமையில் மறைந்து பெயர்ப்பலகையற்ற கல்லறையில் கிடந்தவரே. 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் தேடிச்சென்று கல் நாட்டினார்.)

இந்நாவல் வெளிவந்த ஆண்டிலேயே ரிச்சர்ட் ரைட் இதில் கருப்பொருளும் இல்லை, செய்தியும் இல்லை என்று கடிந்தெழுதினார். ரைட் பெரும் படைப்பாளி. எனினும் இம்மதிப்பீடு பொருந்தாது. முழக்கத்தை எதிர்பார்த்தவர் முணுமுணுப்பைக் கேளாது போனார் என்றே தோன்றுகிறது. பாலத்தையும் பிணப்பெட்டியையும் கண்டபின்னும் செய்தி இல்லை என்பது எவ்வாறு?

நாவலில் குறையே இல்லை என்பதன்று என் வாதம். புயலின் நடுவே அனைவரும் இருளில் கடவுளை நோக்கியிருக்கும் காட்சி உள்ளத்தை உருக்குகிறது. ஆனால் நிலத்தின் உடைமையாளர் முகம் அங்கே தெரிவதில்லை. அக்கரையை மண்ணால் தாழ எழுப்பி, அதனடியில் ஆயிரக்கணக்கானோரைக் குடிவைத்தவர் யார் என்று கதைமாந்தருள் ஒருவரும் கேட்பதில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. ரைட் இக்குறையைச் சுட்டியிருந்தால் அவரோடு நமக்கு வழக்கில்லை.