வடிவமைப்புப் போட்டிகளும் வடிவத்தின் உரிமையும்

கணினியின் கேபினெட்டை வெட்டி, இணைத்து, வண்ணம் பூசிப் புது வடிவம் தருவது பல நாடுகளில் போட்டியாக நடைபெறுகிறது. பெரும்பாலும் கேபினெட்டும் உதிரிபாகங்களும் விற்கும் நிறுவனங்களே இவற்றை நடத்துகின்றன. கூலர் மாஸ்டர் நிறுவனத்தின் 'கேஸ் மாட் வேர்ல்ட் சீரிஸ்' இவ்வகையில் அறியப்பட்ட ஒன்று. பரிசு சிலருக்கே கிடைக்கும். வந்துசேர்ந்த வடிவங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோ கலந்துகொண்ட அனைவருக்கும் உரியது.

அணுபுரத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் இத்தகைய போட்டியின் விதிகளை இக்கட்டுரையாளரிடம் காட்டினார். அனுப்பப்படும் எல்லா வடிவங்களும் நடத்துநரின் உடைமையாகும் என்று அதில் ஒரு வரி இருந்தது. மாணவர் பரிசுத்தொகை இருந்த பக்கத்தை மட்டுமே படித்திருந்தார்.

ரூபாய்க் குறியீட்டுப் போட்டி

இந்தியாவில் இதற்கு நல்ல ஒப்பீடு ரூபாய்க் குறியீடு. 2009-இல் மத்திய நிதி அமைச்சகம் இதற்கான போட்டியை அறிவித்தது. இறுதிக்குத் தேர்வான ஐவருக்குத் தலா 25,000 ரூபாய், வென்றவருக்கு 2.5 லட்சம் ரூபாய் என்பது ஏற்பாடு. வென்றவர் பதிப்புரிமையை இந்திய அரசுக்கு அளித்துவிட வேண்டும். கள்ளக்குறிச்சியில் பிறந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற த. உதயகுமாரின் வடிவத்தை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றது.

நாணயத்திலும் விசைப்பலகையிலும் இடம்பெறும் குறிக்கு அத்தொகை சிறிதே. ஆயினும் நிபந்தனையில் நியாயம் உண்டு. நாட்டின் பணக்குறியை எவரும் அனுமதி கேட்காமல் எழுத வேண்டும். அது தனியாரிடம் இருக்க இயலாது. விற்பனைப் பொருளான கேபினெட்டுக்கு இக்காரணம் பொருந்தாது.

சட்டத்தின் நிலை

வரைபடம் கலைப்படைப்பு என்ற வகையில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறும். உரிமையை மாற்றிக் கொடுத்த பின்னும் தானே படைப்பாளி என்று கோரும் உரிமையை அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு காக்கிறது. ஆனால் பதிவு செய்யத்தக்க வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, உரிமையாளரோ அவரிடம் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் உற்பத்தி செய்தால், அவ்வடிவமைப்புக்கான பதிப்புரிமை 15-ஆம் பிரிவின்படி முடிந்துவிடும்.

பொருளின் தோற்றத்தைக் காப்பது 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன் பொதுவெளியில் வெளியான வடிவமைப்பைப் பொதுவாகப் பதிவு செய்ய இயலாது. எனவே பொதுமக்கள் வாக்களிக்கும் போட்டியில் முதலில் படத்தைக் காட்டிவிட்டுப் பிறகு பதியலாம் என்பவர், தோற்றாலும் வென்றாலும் அந்த வாய்ப்பை இழக்கக்கூடும். நம்பிக்கையின் பேரில் இரகசியமாக ஒருவரிடம் காட்டியதை அவர் நம்பிக்கை மீறி வெளியிட்டால் சட்டம் விலக்கு அளிக்கிறது.

மதிப்பீடு

நடத்துநர்களின் தரப்பிலும் ஓர் அச்சம் உண்டு. தங்கள் பட்டறையில் ஏற்கெனவே உருவாகிவரும் வடிவத்தை ஒத்த ஒன்று போட்டிக்கு வந்தால், பின்னாளில் திருட்டுப் பழி வரலாம். அதற்கு, ஒத்த வடிவங்கள் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் விதி ஒன்றே போதும். படங்களை விளம்பரத்தில் காட்ட வரையறுத்த அனுமதி போதும். இவ்விரண்டுக்கும் உரிமை மாற்றம் தேவையில்லை.

வென்றவரிடம் விலை சொல்லி உரிமை வாங்குவது வணிகம். தோற்றவர்களின் உரிமையையும் விலையின்றி எடுத்துக்கொள்வதைப் போட்டி என்று ஏற்க முடியாது. ஒரு பரிசின் செலவில் நூறு வடிவங்களைச் சேர்க்கும் வழி அது.

மாணவர்கள் உரிமை பற்றிய விதியை முதலில் படிக்க வேண்டும். அது வென்றவரை மட்டும் கட்டுப்படுத்துகிறதா, எல்லோரையுமா என்று பார்க்க வேண்டும். விற்கத்தக்க வடிவம் என்று கருதினால், படத்தை எங்கும் வெளியிடும் முன்பே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேதியிட்ட வரைபடங்களையும் இடைக்கட்டப் புகைப்படங்களையும் பாதுகாத்து வைப்பது பின்னாளில் சான்றாக உதவும். மேற்சொன்ன மாணவர் அப்போட்டிக்குத் தம் பழைய வடிவம் ஒன்றை அனுப்பினார். புதியதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.