உலாவியின் சாவிப் பெட்டி: ஒரு மதிப்பீடு

சென்ற கல்வியாண்டில் ஒரு மாலை, எம் கல்லூரி மாணவி ஒருவர் தம் தந்தையாருடன் சமயபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தைப் புதுப்பிக்க நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. முதலாண்டில் அதனைக் கடைத்தெருவில் ஒரு பிரௌசிங் சென்டரில் பதிவு செய்திருந்தார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அவருக்கு நினைவில் இல்லை. "அது அந்தக் கடைக் கம்ப்யூட்டர்லயே இருக்கு சார்" என்றார்.

அந்தக் கணிப்பொறியோ இரண்டு மாதங்களுக்கு முன் பழுதாகி, விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. கடைக்காரர் பொறுப்பானவர். பழுதுபார்க்கக் கொடுக்குமுன் உலாவியின் கோப்புகள் முழுவதையும் ஒரு பென் டிரைவில் படியெடுத்து வைத்திருந்தார். புதிய நிறுவலில் அவற்றை இட்டுப் பார்த்தபோது ஒரு கடவுச்சொல்கூட வரவில்லை. "எல்லாத்தையும் காப்பி பண்ணித்தானே வெச்சேன். எப்படி சார் போகும்?" என்று அவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று உலாவி கேட்கின்றது. நாமும் 'சரி' என்கிறோம். அந்த ஒரு சொல்லில் என்ன நடக்கின்றது என்பதை நம்மில் பெரும்பாலோர் அறியோம். உலாவிகள் இலவசமாகத் தரும் இந்தச் சாவிப் பெட்டியை, ஆய்வகத்துக்கு வாங்கும் ஒரு கருவியை மதிப்பிடுவது போல மதிப்பிட்டுப் பார்ப்போம்.

பெட்டி வேறு, சாவி வேறு

விண்டோஸ் கணிப்பொறியில் குரோம் உலாவியை எடுத்துக்கொள்வோம். அது கடவுச்சொற்களை 'லாகின் டேட்டா' என்னும் கோப்பில் வைக்கின்றது. இது ஓர் அட்டவணை. தளத்தின் முகவரியும் பயனர் பெயரும் வெளிப்படையாக இருக்கும். கடவுச்சொல் மட்டும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். 2020-இல் வெளிவந்த 80-ஆம் பதிப்பிலிருந்து இதற்கு ஏ.இ.எஸ். என்னும் முறை 256 பிட் நீளமுள்ள சாவியுடன் பயன்படுகின்றது.

இச்சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியுமா? இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 2-இன் 256-ஆம் அடுக்கு. அதாவது 1-க்குப் பின் ஏறத்தாழ 77 சுழியங்கள். நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் பொறி இருப்பதாகக் கொண்டாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 10-இன் 65-ஆம் அடுக்கு நொடிகள் ஆகும். பேரண்டத்தின் வயதே 10-இன் 18-ஆம் அடுக்கு நொடிகளை எட்டவில்லை. எனவே பூட்டு வலிமையானது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் சாவி எங்கே இருக்கின்றது? அது 'லோக்கல் ஸ்டேட்' என்னும் மற்றொரு கோப்பில், விண்டோஸ் இட்ட இன்னொரு பூட்டுக்குள் இருக்கின்றது. அந்த இரண்டாம் பூட்டின் சாவி நாம் விண்டோஸில் நுழையும் கணக்கோடு பிணைக்கப்பட்டது. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது பழைய கணக்கு அழிந்து புதியதொன்று பிறக்கின்றது. அதற்கு அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் இட்டாலும் அது வேறு கணக்கே. கடைக்காரர் பெட்டியைப் பத்திரமாக எடுத்து வைத்தார். சாவி பழைய கணக்கோடு அழிந்துவிட்டது. இதுவே அவர் கேள்விக்கு விடை.

அன்று அந்த அட்டவணையைத் தரவுத்தளம் படிக்கும் மென்பொருள் ஒன்றால் திறந்தேன். கடவுச்சொல் இருந்த கட்டத்தில் பொருளற்ற எழுத்துக் குவியல். ஆனால் மாணவியின் பயனர் பெயர் தெளிவாக இருந்தது. அது போதும். பயனர் பெயரைக் கொடுத்து, பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைப் பெற்று, புதிய கடவுச்சொல் அமைத்துக்கொள்ளலாம். பதிவு செய்த கைபேசி எண்ணும் கடைக்காரருடையதே! அவர் நல்லவராதலால் கைபேசியுடன் நேரில் வந்து உதவினார், விண்ணப்பம் புதுப்பிக்கப்பட்டது. அவர் கடையை மூடிக்கொண்டு வெளியூர் போயிருந்தால், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த அம்மாணவியின் ஓராண்டு உதவித்தொகை போயிருக்கும்.

'தளத்தாரே பழைய கடவுச்சொல்லைச் சொல்லிவிடலாமே' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒழுங்காக நடத்தப்படும் தளத்துக்கு அது தெரியாது. கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கில் அரைத்துக் கிடைக்கும் எண்ணை மட்டுமே அது வைத்திருக்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பெற இயலாதது போல அவ்வெண்ணிலிருந்து கடவுச்சொல்லைப் பெற இயலாது. பழைய கடவுச்சொல்லை அப்படியே அஞ்சலில் அனுப்பும் தளம் இருந்தால் அதனை நம்பாதிருப்பதே நன்று. 2009-இல் ராக்யூ என்னும் நிறுவனம் மறையாக்கம் இல்லாமல் வைத்திருந்த 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் திருடப்பட்டதை இங்கு நினைவில் கொள்ளலாம்.

யாரிடமிருந்து பாதுகாப்பு?

அந்த அட்டவணையைத் திறந்தபோது வேறொன்றும் கண்டேன். மாணவியின் பெயருக்கு மேலும் கீழும் ஊரார் பலருடைய பயனர் பெயர்கள் வரிசையாக இருந்தன. உடனே மூடிவிட்டேன். பழைய கணிப்பொறி ஓடிக்கொண்டிருந்த நாளில், அதன் முன் அமர்ந்த எவரும் அவர்கள் கணக்குகளுக்குள் நுழைந்திருக்கலாம். உரிமையாளரின் படியைத் திறக்க மறுக்கும் பெட்டி, எதிரே அமரும் அந்நியருக்குத் தானே கதவைத் திறந்துவிடுகின்றது. என் மதிப்பீட்டில் இதுவே இக்கருவியின் அடிப்படைக் குறை.

இக்குறை பற்றி 2013-இல் உலகளவில் ஒரு விவாதம் நடந்தது. குரோமின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தால் எல்லாக் கடவுச்சொற்களையும் யாரும் படிக்க முடிகின்றது என்று எலியட் கெம்பர் என்னும் மென்பொருள் வல்லுநர் எழுதினார். கணிப்பொறியே அந்நியர் கைக்குப் போனபின் வேறு தடை எதுவும் பயன் தராது, தடை ஒன்றை வைப்பது போலியான நம்பிக்கையையே தரும் என்ற கருத்தில் குரோம் தரப்பு விடையளித்தது. அவ்விடை ஏமாற்றம் அளிப்பதாக இணையவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ கூறினார்.

குரோம் தரப்பின் விடை ஏட்டளவில் சரியே. ஆனால் வீடுகளிலும் கடைகளிலும் கணிப்பொறியின் முன் அமர்பவர் தேர்ந்த கள்வர் அல்லர். தம்பியோ நண்பரோ அடுத்த வாடிக்கையாளரோதான். சமயபுரம் மாரியம்மன் கோயில் உண்டியலைத் திறந்து எண்ணும் நாளில் அறநிலையத்துறை அலுவலர்கள் உடனிருப்பர். எண்ணுவோரைக் கள்வர் என்று கருதுவதாலா? அன்று. தனியே கை நீட்டும் வாய்ப்பை எவருக்கும் தராதிருப்பதற்காக. சிறு தடையும் பெருந்தவற்றைத் தடுக்கும். பின்னர் குரோமும் கடவுச்சொல்லைக் காட்டுமுன் கணிப்பொறியின் கடவுச்சொல்லைக் கேட்கத் தொடங்கியது. ஆனால் கணிப்பொறிக்கே கடவுச்சொல் இல்லாத இடத்திலும், எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல் உள்ள இடத்திலும் இத்தடையால் என்ன பயன்?

பயர்பாக்ஸ் உலாவியின் நிலை இதற்கு நேர்மாறானது. அதில் பெட்டியும் சாவியும் ஒரே கோப்புறையில் இரண்டு கோப்புகளாக உள்ளன. இரண்டையும் படியெடுத்தால் வேறு கணிப்பொறியிலும் கடவுச்சொற்களைப் பெறலாம். மீட்பவருக்கு இது வசதி. திருடுபவருக்கும் அதே வசதி! 'முதன்மைக் கடவுச்சொல்' ஒன்றை நாமே அமைத்தால்தான் சாவிக்குப் பூட்டு விழும். அமைக்குமாறு உலாவி வற்புறுத்துவதில்லை. அமைத்தபின் மறந்தாலோ, சேமித்தவை அனைத்தையும் அழித்துவிட்டுத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மனிதரைவிடப் பெரிய இடர் திருட்டு நிரல்களால் வருகின்றது. இலவச விளையாட்டு, திருட்டுப் பதிப்பு மென்பொருள் என்ற வேடத்தில் இவை கணிப்பொறியில் நுழைகின்றன. நம் கணக்கிலேயே இயங்குவதால், நமக்குத் திறக்கும் பூட்டு அவற்றுக்கும் திறக்கின்றது. இதனைத் தடுக்க 2024 ஜூலையில் குரோமின் 127-ஆம் பதிப்பு ஒரு புதிய பூட்டை முதலில் குக்கீகளுக்குக் கொண்டுவந்தது; சில மாதங்களுக்குள் திருட்டு நிரல் எழுதுவோர் அதனையும் கடக்கும் வழிகளைக் கண்டனர். ஏறத்தாழ 1,600 கோடி கணக்கு விவரங்கள் வெளிப்பட்டுக் கிடப்பதாக 2025 ஜூனில் செய்தி வந்தது. அவற்றுள் பழையனவும் ஒன்றே பலமுறை வந்தனவும் கலந்திருந்தன. எனினும் கடவுச்சொற்களை மாற்றுமாறு நம் நாட்டின் செர்ட்-இன் அமைப்பு மக்களுக்கு அறிவுரை வழங்க நேர்ந்தது.

காப்புப்படி என்னும் பெயரில்

சேமிப்பது வேறு, காப்புப்படி எடுப்பது வேறு. இவ்வேறுபாட்டை உலாவிகள் தெளிவாகச் சொல்வதில்லை. அவை தரும் வழிகள் இரண்டு.

முதல் வழி ஏற்றுமதி. கடவுச்சொற்கள் அனைத்தும் சி.எஸ்.வி. கோப்பாக வெளிவரும். வேறு கணிப்பொறியில் எளிதாக ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அக்கோப்பில் மறையாக்கமே இல்லை. முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் பச்சையாக எழுதப்பட்டிருக்கும். உலாவி ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டுத் தன் கடமையை முடித்துக்கொள்கின்றது. ஏற்றியபின் கோப்பை அழித்துவிட்டால் போதாதா? காந்தத் தட்டில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் பெயர் பட்டியலிலிருந்து நீங்குகின்றது. காந்தப் புள்ளிகள், மேலே வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே இருக்கும். மீட்பு மென்பொருளால் அதனைப் படிக்கலாம். ஏ.இ.எஸ். பூட்டை அறியும் உலாவி, ஏற்றுமதிக் கோப்புக்கும் ஒரு பூட்டுப் போட்டிருக்கலாகாதா? இக்குறையை மன்னிப்பதற்கில்லை.

இரண்டாம் வழி ஒத்திசைவு. கடவுச்சொற்கள் நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று நம் எல்லாக் கருவிகளுக்கும் வரும். கணிப்பொறி பழுதானாலும் கைபேசியில் கிடைக்கும். இது பெரிய வசதியே. ஆனால் ஓரிடத்தில் தவறி அழித்தது எல்லா இடத்திலும் அழியும். ஆகவே இது கண்ணாடி போன்றது, காப்புப்படியன்று. மேலும் பெரிய நிறுவனமும் தவறும். 2024 ஜூலை 24, 25 நாள்களில் விண்டோஸ் குரோம் பயன்படுத்துவோருள் ஒரு பகுதியினருக்கு, சேமித்த கடவுச்சொற்கள் ஏறத்தாழ 18 மணி நேரம் கண்ணில் படவே இல்லை. மென்பொருளில் செய்த ஒரு மாற்றமே காரணம். திருத்தியபின் அவை திரும்பின. அந்த 18 மணி நேரத்தில் ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாள் அமைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தனியே வைத்த படி இல்லாவிட்டால் அரசுகளும் தப்புவதில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகக் கணிமை அமைப்பு பணயத் தீநிரலால் தாக்குண்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரசு மின்னஞ்சல்களுக்கு இணைப்பிலிருந்து விலக்கி வைத்த காப்புப்படி இல்லாமையால் அவை இழக்கப்பட்டன. அங்கு இழந்தவை அஞ்சல்கள். நம்மிடம் இருப்பவை சாவிகள். பாடம் ஒன்றே.

மெச்ச வேண்டியவை

குறைகளையே அடுக்குவது நேர்மையான மதிப்பீடு ஆகாது. நூறு தளங்களுக்கு நூறு வேறு கடவுச்சொற்களை எவரும் மனனம் செய்ய முடியாது. ஒன்றையே எங்கும் இட்டால், ஓரிடத்தில் திருடுபோனது எல்லாக் கதவையும் திறக்கும். இச்சிக்கலை உலாவி தீர்க்கின்றது. நீளமான கடவுச்சொற்களைத் தானே உருவாக்கியும் தருகின்றது. மற்றொரு சிறப்பு, வங்கியின் பக்கத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கம் நம் கண்ணை ஏமாற்றும். முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் உலாவியை ஏமாற்றுவது அரிது. வழக்கமாகத் தானே நிரப்பும் உலாவி ஓரிடத்தில் நிரப்பாமல் நின்றால், நாமும் நின்று முகவரியைப் பார்க்க வேண்டும்.

முடிவு

நமக்கே உரிய, கடவுச்சொல் இட்டுப் பூட்டிய கணிப்பொறியில் இச்சாவிப் பெட்டி நல்ல கருவி. பலர் கைபடும் கணிப்பொறியில் இது தீய கருவி. 'சேமிக்கவா?' என்று கேட்கும் உலாவி, 'இக்கணிப்பொறி உங்களுடையதா?' என்றும் கேட்டிருக்க வேண்டும். அது கேட்காத வரையில் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வோம்.

மாணவர்களுக்குச் சில சொற்கள். பிரௌசிங் சென்டரில் விண்ணப்பிக்கும்போது தனிச் சாளரத்தில் செய்யச் சொல்லுங்கள். சேமிக்கவா என்றால் வேண்டாம் என்னுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவாகவே இருக்கட்டும். மீட்புக்கு வழி அவைதாம். சொந்தக் கணிப்பொறியில் விண்டோஸை மாற்றுமுன், அது இயங்கும்போதே கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்து, 7-ஜிப் போன்ற இலவச மென்பொருளால் பூட்டி, இணைப்பிலிருந்து விலக்கி வையுங்கள். பூட்டாத கோப்பு உள்ள தட்டைப் பிறரிடம் கொடுக்காதீர்கள். பயர்பாக்ஸ் என்றால் முதன்மைக் கடவுச்சொல் அமையுங்கள்.

மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், காப்புப்படியைத் திறக்கும் சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். வங்கிக் கடவுச்சொல்லை எழுத வேண்டா. அது மறந்தால் கிளைக்குச் சென்று மீட்கலாம். இறுதியாக, காப்புப்படியை ஒருமுறை திறந்து பாருங்கள். செய்து பாராத சோதனை சோதனையன்று. திறந்து பாராத காப்புப்படியும் காப்புப்படியன்று.

அந்த மாணவி இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கின்றார். கடைக்காரர், தம் உலாவியில் 'சேமிக்கவா?' என்னும் கேள்வியையே நிறுத்திவிட்டார்.